படைவீரர் பெயரில் நன்கொடை கேட்கிறார்கள்: மன்றத்தின் பணத்தைக் கொடுக்கலாமா?

தபால்தலைச் சேகரிப்பு மன்றம் ஒன்று ஆண்டுக் கண்காட்சியில் ஏலம் விடுகிறது. ராணுவ அஞ்சல் சேவை வெளியிட்ட ரெஜிமென்ட் சிறப்பு உறைகளும் 56 ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) முத்திரை விழுந்த பழைய கடிதங்களும் நல்ல விலைக்குப் போகின்றன. செலவு போக 60,000 ரூபாய் மிச்சம். "ராணுவ உறை விற்ற பணம், முன்னாள் படைவீரர்களுக்கே போகட்டும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் கை தட்டிவிடுகிறார்கள். மறுநாள் காலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று டிரஸ்ட்களின் பெயர் வந்து விழும். மூன்றிலும் தேசியக்கொடி, சீருடை, சல்யூட் அடிக்கும் படம் இருக்கும்.

அந்த மூன்றில் எதற்குக் கொடுப்பது, அல்லது எதற்குமே கொடுக்காமல் வேறு வழியில் அனுப்புவதா என்று முடிவுசெய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம். மாலை நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை. பொருளாளர் ஒருவரே தனியாகச் செய்ய வேண்டாம். முடிவு தவறிப்போனால் பழி முழுக்க அவர் தலையில் விழும்.

முதலில் அளவுகோல்

டிரஸ்ட்களை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்கினால் யார் அழகாகப் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பார். ஒவ்வொன்றையும், முன்னாள் படைவீரர் நலனுக்காக அரசு திரட்டும் கொடிநாள் நிதியோடு ஒப்பிடுங்கள். 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் கேந்திரிய சைனிக் போர்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலத்துறையும் அதன் மாவட்ட அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே பணம் கட்டினால் ரசீது கிடைக்கும், தணிக்கை உண்டு, ஆள் ஓடிப்போக மாட்டார். ஒரு தனியார் டிரஸ்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டுமென்றால், அது இந்த ஏற்பாட்டால் முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும். பாதி டிரஸ்ட்கள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

அதற்கு அரசு ஏற்பாடு எதைச் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜவான்களுக்கு 15 ஆண்டுச் சேவையும் அதிகாரிகளுக்கு 20 ஆண்டுச் சேவையும் முடிந்தால் ஓய்வூதியம். ஓய்வூதியக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் 2003-இல் வந்த இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான முன்னாள் படைவீரருக்கும் கைம்பெண்ணுக்கும் கேந்திரிய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது 2025 நவம்பர் முதல் 8,000 ஆனது. பிள்ளைகளின் கல்விக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2,000 ஆனது. மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது.

இந்த வலையில் ஓட்டைகள் எங்கே? பத்து பன்னிரண்டு ஆண்டில் வீட்டுச் சூழலால் வெளியே வந்து, ஓய்வூதியமும் இசிஹெச்எஸ் அட்டையும் இல்லாமல் இருக்கும் ஜவான், அறுபது வயதில் டயாலிசிஸுக்குப் போகும்போது, போர்டின் தீவிர நோய் உதவிக்கு மேல் ஆகும் செலவு. டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்த சான்றுப் புத்தகம்) தொலைந்துபோய் விண்ணப்பமே போட முடியாத கைம்பெண். முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த நிலையில் இருப்பவருக்குத் தினமும் வேண்டிய பிசியோதெரபி. இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யும் டிரஸ்டாக இருந்தால் மேலே படியுங்கள். "வீரர்களைக் கௌரவிக்கிறோம்" என்று மட்டும் சொல்லும் டிரஸ்ட், சால்வைக்கும் மேடைக்கும் செலவழிக்கிறது. அது தப்பில்லை, ஆனால் உங்கள் 60,000 ரூபாய்க்கு அது இடமில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற துணை ராணுவப் படையினர் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். அரசு வரையறையில் 'முன்னாள் படைவீரர்' என்பது ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்குத்தான். துணை ராணுவத்தில் உயிர்நீத்தோர் குடும்பங்களுக்கு 2017-இல் தொடங்கிய 'பாரத் கே வீர்' இருக்கிறது. போரில் உயிரிழந்த, ஊனமுற்ற முப்படையினருக்கு ஆயுதப்படைப் போர்ச் சேத நலநிதி தனியே இருக்கிறது. மன்றம் யாருக்குக் கொடுக்க விரும்புகிறது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். 'ராணுவத்துக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிறகு கூட்டத்தில் சண்டை வரும்.

பெயரும் கணக்கும்

தாள்களைக் கேட்பதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று. டிரஸ்டின் நோட்டீஸில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். பணம் அனுப்ப வேண்டாம். திரையில் வரும் வங்கிக் கணக்குப் பெயரை மட்டும் பாருங்கள். நோட்டீஸில் அச்சிட்ட டிரஸ்ட் பெயரும் திரையில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனி ஆளின் பெயர் வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். "புதுக் கணக்கு இன்னும் திறக்கவில்லை, தலைவர் கணக்குக்கு அனுப்புங்கள்" என்ற விளக்கம் எத்தனை நியாயமாகத் தோன்றினாலும் ஏற்காதீர்கள்.

அடுத்து பான் எண். அதன் நான்காம் எழுத்து யாருடைய எண் என்று சொல்லிவிடும்: ஆங்கிலத்தில் 'டி' (T) என்றால் டிரஸ்ட், 'சி' (C) என்றால் கம்பெனி, 'ஏ' (A) என்றால் நபர்களின் கூட்டமைப்பு, 'பி' (P) என்றால் தனிநபர். அறக்கட்டளை என்று சொல்லிவிட்டு 'பி' போட்ட பான் எண்ணைத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பான் எண்ணையும் பெயரையும் வைத்து வருமானவரித் துறையின் இணையதளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் தேடுங்கள். நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி, டிரஸ்டுக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவு எண்களும் அந்தப் பான் எண்ணில்தான் தொடங்கும். வேறு பானில் தொடங்கினால் அது வேறு யாரோ ஒருவரின் பதிவு.

லோகோவையும் உற்றுப் பாருங்கள். அசோகச் சின்னத்தைத் தனியார் அமைப்பு பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடைபோடுகிறது. சிங்கமும் குறுக்கு வாளும் போட்டு, 'இந்திய ராணுவ' என்று தொடங்கும் பெயரும் வைத்திருந்தால், அரசு அமைப்பு என்று நம்மை நினைக்கவைப்பதுதான் நோக்கம். ராணுவத்துக்கு நேரடியாகப் பணம் கட்டச் சொல்லி வங்கிக் கணக்கு எண்ணோடு வரும் வாட்ஸ்அப் செய்தியும் இதே வகை. பல ஆண்டுகளாகச் சுற்றுவது. 2025 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சகமே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

கேட்க வேண்டிய தாள்கள்

மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் அல்ல. எழுத்தில் வரும் பதிலுக்கும் வராத பதிலுக்கும் சாட்சி இருக்கும்.

பதிவுப் பத்திரம் முதலில். டிரஸ்ட் என்றால் அறக்கட்டளைப் பத்திரம். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியான சான்றும் துணைவிதிகளும். 8-ஆம் பிரிவுக் கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி) என்றால் அதன் பதிவு எண் போதும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆண்டுக் கணக்குகளை நீங்களே பார்த்துவிடலாம். டிரஸ்டுக்கு அந்த வசதி கிடையாது. அசையாச் சொத்து சேராத அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளரிடம் நான்காம் புத்தகத்தில் பதிவாகும். அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்படும். ஆகவே டிரஸ்டிடமே கேட்டு வாங்க வேண்டும். பத்திரத்தில் அறங்காவலர்கள் யார் என்று பாருங்கள். கணவன், மனைவி, மகன் என்று மூன்றே பேர் இருந்தால் சட்டப்படி தவறில்லை. ஆனால் தலைவரைக் கேள்வி கேட்க உள்ளே ஒருவரும் இல்லை என்று பொருள்.

பிறகு மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. இருப்புநிலைக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, அவற்றின் பின்னிணைப்புகள், தணிக்கையாளரின் 10பி அல்லது 10பிபி படிவம். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. நீங்கள் கேட்கும் ஆண்டுகளின் கணக்கு பழைய சட்டத்தின் கீழ் வந்தவை என்பதால் அந்தப் பெயரிலேயே கேளுங்கள்.

தணிக்கை உண்மைதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆடிட்டரின் கையெழுத்துக்குக் கீழே யுடிஐஎன் என்று 18 எழுத்து-எண் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். 2019 ஜூலை முதல் எல்லாத் தணிக்கை ஆவணத்துக்கும் அது கட்டாயம். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு ஆடிட்டரின் உறுப்பினர் எண், மீதி பத்து கணினி தருவது. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் யுடிஐஎன் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். 2023-24 கணக்கில் இருக்கும் குறியீடு 24-இல் தொடங்க வேண்டும். 26-இல் தொடங்கினால், நீங்கள் கேட்ட பிறகுதான் தணிக்கை நடந்திருக்கலாம். குறியீடே இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என்ஜிஓ தர்பன் எண்ணைப் பலர் பெரிய சான்றிதழ் போல நீட்டுவார்கள். நிதி ஆயோக்கின் தளத்தில் அவர்களே விவரம் பதிந்து வாங்கும் எண் அது. இல்லாவிட்டால் கேள்வி கேட்கலாம். இருப்பதால் மட்டும் நம்பிக்கை கூட வேண்டியதில்லை.

வரவு செலவுக் கணக்கைப் படிப்பது

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தச் செலவு 48 லட்சம். கல்வி உதவி 9 லட்சம், மருத்துவ உதவி 4 லட்சம், விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் 14 லட்சம், வீரவணக்க விழா 8 லட்சம், சம்பளம் 7 லட்சம், பயணம் 3 லட்சம், இதர செலவு 3 லட்சம். டிரஸ்டின் நோட்டீஸில் "80 சதவீதம் நலப்பணிக்கே" என்று இருக்கும். சம்பளத்தையும் பயணத்தையும் கூட்டினால் 10 லட்சம்தானே, கிட்டத்தட்ட சரிதானே என்று தோன்றும். படைவீரர் கைக்குப் போனது 13 லட்சம், அதாவது நூற்றுக்கு 27. மற்றதில் பெரிய தொகை 'விழிப்புணர்வு' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றால் என்ன, யாருக்கு, அங்கே நன்கொடை கேட்டார்களா என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் பில் விவரம் கேளுங்கள். நன்கொடை திரட்டும் நிகழ்ச்சியை விழிப்புணர்வு என்று எழுதுவது மிகப் பழைய வித்தை.

அதே சமயம் சம்பளம் என்று பார்த்தவுடன் முகம் சுளிக்க வேண்டாம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான இல்லத்தில் பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், சமையல்காரர் சம்பளம்தான் சேவை. புனே கிர்க்கீயில் இருக்கும் பாராப்ளெஜிக் மறுவாழ்வு மையம் போன்ற இடங்களை நினைத்துப் பார்த்தால் புரியும். ஆள் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. 'நிர்வாகச் செலவு பூஜ்யம்' என்று பெருமை பேசும் டிரஸ்டைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். வாடகையும் ஆடிட்டர் கட்டணமும் எங்கிருந்தோ போகத்தானே வேண்டும்?

இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு இடங்கள். ஒன்று, நிலையான வைப்பு. அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும் என்பது பொதுவிதி. காரணம் சொல்லி ஐந்து ஆண்டு வரை சேர்த்துவைக்கலாம். கார்பஸ் (செலவழிக்காமல் மூலதனமாக வைக்கும் நிதி) நன்கொடை என்று எழுதிக் கொடுத்தால் அது தனி. இரண்டு கோடி வைப்பில் இருக்கும் டிரஸ்ட் உங்கள் 60,000 ரூபாய்க்குத் தவிக்கவில்லை. இரண்டு, 'முன்பணம்', 'கடன்' என்ற தலைப்புகள். அறங்காவலருக்கோ அவர் கம்பெனிக்கோ பணம் போயிருந்தால் அங்கேதான் தெரியும்.

'பிற அறக்கட்டளைகளுக்கு நன்கொடை' என்று பெரிய தொகை இருந்தால், இவர்கள் இடைத்தரகர்கள். நேராக அந்த அமைப்புக்கே போய்விடுங்கள்.

நேரில் கேட்பது

தாள்கள் சரியாக இருந்தால் ஒருமுறை பேசுங்கள். முடிந்தால் நேரில். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "உதவி கேட்டு வருபவர் முன்னாள் படைவீரர்தான் என்பதை எப்படி உறுதிசெய்கிறீர்கள்?"

வேலை தெரிந்தவர் யோசிக்காமல் சொல்வார்: டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதியம் இருந்தால் பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கொடுத்த அடையாள அட்டை. போர்டிலிருந்து இதே காரணத்துக்கு உதவி வாங்கியிருக்கிறாரா என்றும் விசாரிப்போம் என்பார். "நம்ம ஆளுங்க சொல்வாங்க சார்" என்று பதில் வந்தால், அங்கே பட்டியலே இல்லை.

சென்ற ஆண்டுப் பயனாளிகளின் பட்டியலைக் கேளுங்கள், ஆனால் பெயர் கேட்காதீர்கள். வரிசை எண், மாவட்டம், பதவி, தேவை, தொகை, தேதி போதும். நோயாளியின் பெயரையும் படத்தையும் முன்பின் தெரியாத மன்றத்துக்கு உடனே அனுப்பிவைக்கும் டிரஸ்ட், நாளை உங்கள் பணத்தால் பயன்பெறுபவரையும் அப்படித்தான் நடத்தும். பட்டியலின் கூட்டுத்தொகை கணக்கில் உள்ள 'கல்வி உதவி', 'மருத்துவ உதவி' வரிகளோடு பொருந்துகிறதா என்று கூட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலை செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒருவர் போய் வரலாம். எந்தத் தனியார் டிரஸ்டுக்கும் அவர்கள் நற்சான்று தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். "இவர்கள் அனுப்பிய விண்ணப்பதாரர் யாராவது உங்களிடம் வந்திருக்கிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள். களத்தில் இருக்கும் டிரஸ்டை அந்த அலுவலகத்துக் கிளார்க்குக்குத் தெரியாமல் இருக்காது.

மன்றத்தின் பக்கம் நடக்கும் தவறுகள்

டிரஸ்டை இவ்வளவு குடைந்துவிட்டு நம் வீட்டைக் கவனிக்காமல் விடுவதுதான் வழக்கம். ஏலப் பணம் பொருளாளரின் ஜிபே கணக்கில் கிடக்கும். மன்றத்தின் பெயரில் இரண்டு கையெழுத்துக் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் திறங்கள். துணைவிதிகளில் நன்கொடை கொடுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிரஸ்டோடு உறவோ தொழிலோ உள்ள உறுப்பினர் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, வாக்களிக்காமல் ஒதுங்கட்டும். மினிட் புத்தகத்தில் அதுவும் ஏறட்டும். நம் மன்றத்து ஓய்வுபெற்ற சுபேதார் சிபாரிசு செய்தால் மறுத்துப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கும். அவரையே சரிபார்க்கும் இருவரில் ஒருவராகப் போடுங்கள். கணக்கைப் பார்த்து முதலில் கோபப்படுவது அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

வரிச்சலுகை பற்றிய ஆசையில் ஒரு குழப்பம் வரும். மன்றத்தின் பெயரில் கொடுத்தால் சான்றிதழ் மன்றத்தின் பான் எண்ணுக்குத்தான் வரும். உறுப்பினர்கள் அதைப் பங்குபோட்டுக் கழிக்க முடியாது. சலுகை வேண்டும் என்பவர் தன் பணத்தைத் தன் பான் எண்ணோடு டிரஸ்டுக்கு நேரடியாக அனுப்பட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை.

வெளிநாட்டில் உறுப்பினர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் துபாயிலிருந்து தன் சேமிப்பில் அனுப்புவது எஃப்சிஆர்ஏ சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் வைத்திருப்பவர் அனுப்பினால் ஆகும். மன்றமும் சரி, எஃப்சிஆர்ஏ பதிவில்லாத டிரஸ்டும் சரி, அந்தப் பணத்தைத் தொடக்கூடாது.

பொருளாகக் கொடுக்கும் யோசனையும் வரும். சைக்கிள் குழு சைக்கிள் கொடுக்கப் பார்க்கும், தபால்தலை மன்றம் ஆல்பம் கொடுக்கப் பார்க்கும். எழுபது வயதுக்காரருக்கு முதலில் வேண்டியது காது கேட்கும் கருவியின் பேட்டரி. என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கொடுக்கும் விதம்

முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். 60,000 என்றால் முதலில் 15,000, காசோலை அல்லது நெஃப்ட் வழியாக. கூடவே ஒரு கடிதம்: "இந்தத் தொகை ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர்களின் மருத்துவச் செலவுக்கு மட்டும். கார்பஸ் நிதியில் சேர்க்க வேண்டாம். விழா, விளம்பரச் செலவுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆறு மாதத்துக்குள் செலவு விவரம் அனுப்பவும்." கடிதத்தின் நகலில் டிரஸ்டின் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். 'கார்பஸ்' என்ற சொல் ரசீதில் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் உங்கள் பணம் சட்டப்படியே வைப்புநிதியில் போய் உட்காரும்.

ஆறு மாதத்தில் ஒரு பக்க விவரம் வந்தால் மீதி 45,000. வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், இரண்டாம் முறை வேண்டாம். மீதியைக் கொடிநாள் நிதிக்குத் திருப்பலாம் என்று முதல் தீர்மானத்திலேயே எழுதிவைத்திருந்தால் மறுபடி பொதுக்குழு கூட்ட வேண்டியிருக்காது. யார் பெயருக்குக் காசோலை எழுதுவது என்பதை மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டு எழுதி, ரசீதை அங்கேயே வாங்கிவிடுங்கள். கேந்திரிய சைனிக் போர்டின் தளத்தில் இணையவழியாகவும் கட்டலாம்.

நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் டிரஸ்ட் தன் நன்கொடையாளர் பட்டியலை வருமானவரித் துறைக்குக் கொடுத்து, உங்களுக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஆடிட்டர்கள் இன்னும் 10பிஇ என்றே அதைச் சொல்கிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் அது வந்ததா, தொகையும் மன்றத்தின் பான் எண்ணும் சரியா என்று பாருங்கள். கையால் எழுதிய ரசீது மட்டும் இருந்து சான்றிதழ் வரவில்லையென்றால், உங்கள் பணம் அவர்கள் கணக்கில் நன்கொடையாக ஏறியதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்காதீர்கள்.